ஆறாவது கேள்வி

சித்ரா பௌர்ணமி ராத்திரியில் ஐயங்கார்குளம் போயிருக்கிறீர்களா? இல்லையென்றால் ஒரு தடவை போய்விட்டு வாருங்கள். காஞ்சிபுரத்திலிருந்து பக்கம்தான். கடல் மாதிரி விரிந்த ஒரு குளம், கரையில் சஞ்சீவிராயர் கோயில், அதற்குக் கொஞ்சம் தள்ளி நடவாவி.

நடவாவி என்றால் நடந்து இறங்கிப் போகிற கிணறு. மேலேயிருந்து பார்த்தால் கீழே போகும் படிகள் மட்டும்தான் தெரியும். இறங்கினால் பூமிக்கடியில் தூண்கள் வைத்த ஒரு மண்டபம். மண்டபத்துக்கு நடுவில் இன்னொரு கிணறு. கிணற்றுக்குள் கிணறு! விஜயநகரக் காலத்தில் தாத்தாச்சாரியார் செய்த கைங்கரியம் என்கிறார்கள். மற்ற நாட்களில் உள்ளே தண்ணீர் நிற்கும். சித்ரா பௌர்ணமிக்கு முன்னால் அதை இறைத்து விடுவார்கள். காஞ்சிபுரத்திலிருந்து வரதராஜப் பெருமாள் புறப்பட்டு வந்து, படியிறங்கி, மண்டபத்துக்குள் எழுந்தருளுவார்.

நான் போனது பெருமாளைச் சேவிக்கவா, இந்தப் பக்கத்துக்கு மேட்டர் தேற்றவா என்று கேட்காதீர்கள். இரண்டும்தான். கூட்டம் நெரித்தது. கோவிந்தா என்று தூக்க வேண்டிய கைகளில் எல்லாம் செல்போன். அந்தக் கூட்டத்தில் மூன்று பேர் மட்டும் கொஞ்சம் வித்தியாசமாகத் தெரிந்தார்கள். இரண்டு பையன்கள், ஒரு பெண். கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை, கையில் ட்ரைபாட், முகத்தில் பதற்றம். என் கையிலிருந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு ஒரு பையன் வந்தான்.

“சார், நீங்க பிரஸ்ஸா? ஒரு பைட் குடுக்கறீங்களா? எங்க ஃபைனல் இயர் புராஜெக்ட்.”

கொடுத்தேன். நாலு வாக்கியம். கொஞ்சம் கம்பீரமாகவே பேசியதாக ஞாபகம்.

அத்தோடு போயிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. கொஞ்ச நாள் கழித்து அதே கல்லூரியிலிருந்து போன். விஷுவல் கம்யூனிகேஷன் மாணவர்களின் புராஜெக்ட்டுகளுக்கு மதிப்பெண் போட ‘வெளி ஆள்’ வேண்டுமாம். நான் பி.காம். படித்தவன், கேமராவுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்றேன். “பத்திரிகையாளர்னா போதும் சார்” என்றார்கள். மத்தியானச் சாப்பாடும் உண்டு என்றார்கள். போனேன்.

*

பன்னிரண்டு படங்கள் பார்த்தேன். ஏழாவது படம் நம் கிணறு.

சும்மா சொல்லக் கூடாது. பளபளவென்று இருந்தது. பட்டப்பகலில் குளத்துக்கு மேலே ட்ரோன் பறந்து ஒரு சுற்று. கீழே பச்சைத் தண்ணீர். ஒரு கனத்த குரல், ‘காலத்தின் சாட்சியாய்’ என்று ஆரம்பித்தது. காலத்தின் சாட்சி இல்லாமல் தமிழில் டாகுமெண்டரியே எடுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதோ என்னவோ! புல்லாங்குழல், அப்புறம் வயலின், அப்புறம் இரண்டும் சேர்ந்து. ராத்திரிக் காட்சிகள் வந்தன. விளக்கொளியில் பெருமாள். எட்டு நிமிஷம். என் பைட்டைத் தூக்கிவிட்டிருந்தார்கள். அது நல்ல எடிட்டிங் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

கைதட்டல். துறையில் எல்லாருக்கும் திருப்தி. கேள்வி கேட்கும் முறை எனக்கு வந்தது. என்ன கேட்பது என்று தெரியாமல் வாய்க்கு வந்ததைக் கேட்டேன்.

“எங்கே சொதப்பினீங்க?”

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டீம் லீடர் பையன் சமாளித்தான். “அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல சார். எல்லாம் பிளான் பண்ணின மாதிரியே வந்துச்சு.”

அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அடுத்த டீமைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பி.காம். இரண்டாம் வருஷம் எங்களுக்கு ஒரு புரொபசர் இருந்தார். ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டால் பையன்கள் துள்ளிக் குதிப்போம். அவர் மட்டும் சிரிக்க மாட்டார். ரெண்டு பக்கமும் கூட்டுத்தொகை ஒத்துப்போச்சுன்னா கணக்கு சரின்னு அர்த்தமில்லடா, ரெண்டு தப்பு ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டாலும் டேலி ஆகும் என்பார். ஒரு பில்லை எழுதவே மறந்துவிட்டால்கூட டேலி ஆகும். டேலி ஆகாவிட்டால்? வித்தியாசத்தைத் தூக்கி ‘சஸ்பென்ஸ் அக்கவுண்ட்’ என்று ஒரு தலைப்பில் போட்டுவிட்டு, அப்புறம் தேடலாம் என்று வைப்பது வழக்கம்.

அன்று பார்த்த பன்னிரண்டு படங்களிலும் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் இருந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர், பின்னணி இசை.

*

சாயந்திரம் கல்லூரி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் வந்தாள்.

“சார், நீங்க கேட்டீங்கல்ல, எங்கே சொதப்பினோம்னு? காட்டட்டுமா?”

“காட்டும்மா.”

செல்போனைத் திறந்தாள். அடுத்த முக்கால் மணி நேரம் நான் பார்த்ததுதான் அன்றைக்குப் பார்த்ததிலேயே நல்ல படம்.

முதல் க்ளிப். நடவாவி மண்டபம், திருவிழாவுக்காகக் கட்டிய ட்யூப்லைட் வெளிச்சம். திரையில் மேலிருந்து கீழாகக் கறுப்புப் பட்டைகள் ஊர்ந்துகொண்டே இருக்கின்றன. போன் கெட்டுப்போச்சு என்று நினைத்து அழுகையே வந்துவிட்டதாம். வருஷத்துக்கு ஒரு ராத்திரி. பெருமாள் ரீடேக் கொடுக்க மாட்டார். பக்கத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் ஓர் ஆள் நின்றிருக்கிறார். எட்டிப் பார்த்துவிட்டு ஒரே வரி சொன்னாராம்: “ஷட்டரை அம்பதுல வைம்மா, நம்ம ஊரு கரண்ட்டு அம்பது.”

வைத்தாள். பட்டை மறைந்துவிட்டது. ஏன் மறைந்தது என்று அன்று தெரியாது. அப்புறம் ஒரு வாரம் உட்கார்ந்து கண்டுபிடித்திருக்கிறாள். நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அதனால் ட்யூப்லைட் நொடிக்கு 100 தடவை மின்னி அடங்குகிறது. நம் கண்ணுக்கு அது தெரியாது. கேமராவுக்குத் தெரியும். போனோ வாங்கிய நாளிலிருந்து நொடிக்கு 30 படம் என்ற கணக்கில் ஓடுகிறது. அது 60 சுற்று மின்சாரம் இருக்கிற அமெரிக்காவின் கணக்கு. இரண்டு கணக்கும் ஒத்துப்போகாதபோது நடுவில் பட்டை விழுகிறது. ஷட்டரை ஐம்பதில் ஒரு நொடி என்று வைத்து, படத்தை நொடிக்கு 25 ஆக்கினால் கணக்கு நேராகிவிடும்.

யோசித்துப் பாருங்கள். ஐயங்கார்குளத்துக் கிணற்றுக்குள் நின்றுகொண்டு, உள்ளூர் கரண்டுக்கும் எங்கேயோ வடிவமைத்த போனுக்கும் உள்ள தகராறைத் தீர்த்திருக்கிறாள்.

இரண்டாவது க்ளிப். தீவட்டி வெளிச்சம் வரும்போது மண்டபம் இருண்டு போகிறது, தீவட்டி நகர்ந்ததும் பளீர் என்று வெளுக்கிறது. போன் தானாகவே வெளிச்சத்தை அளந்து கூட்டிக் குறைக்கிறது. இருட்டில் எடுக்கும்போது அந்தப் புத்திசாலித்தனம்தான் எதிரி. அதைப் பூட்டி வைக்கலாம், திரையில் விரலை அழுத்திப் பிடித்தால் போதும் என்பதை மூன்றாவது க்ளிப்பில் கற்றுக்கொண்டிருக்கிறாள். இரண்டுக்கும் நடுவில் பதினோரு நிமிஷ இடைவெளி. நேரம் போனிலேயே பதிவாகியிருக்கிறது.

நான்காவது, நாகஸ்வரம். ஆரம்பத்தில் விரலும் சத்தமும் சேர்ந்து போகின்றன. எடிட்டிங்கில் போட்டு ஐந்து நிமிஷம் ஓடியதும் வாசிப்பு ஒரு பக்கம், விரல் ஒரு பக்கம். வெளிச்சம் குறைந்தால் போன் நைஸாக நொடிக்கு எடுக்கும் படங்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளும். எடிட்டிங் சாஃப்ட்வேரோ ஒரே சீராக இருக்கும் என்று நம்பி ஓட்டும். எடிட் செய்யும் முன்பே ஒரு இலவச மென்பொருளில் போட்டுச் சீராக்கிவிட வேண்டும் என்று தெரிந்துகொள்ள நாலு நாள் ஆனதாம்.

கடைசியாக டைட்டில். அதில் பெருமாளுக்கே ஆபத்து. ‘பெ’ என்று அடித்தால் முன்னால் நிற்க வேண்டிய கொம்பு, பின்னால் போய் நின்றது. எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் காலத்துத் தலைவலி! ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு ஃபாண்ட், ஒவ்வொரு ஃபாண்ட்டுக்கும் ஒரு குறியீடு. இங்கே அடித்து அனுப்பிய கட்டுரை அங்கே போய் சீன மொழி மாதிரி விழும். 1999-ல் சென்னையில் தமிழிணைய மாநாடு கூட்டி விசைப்பலகையைப் பேசி முடித்தார்கள். 2010-ல் அரசே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. அத்தனைக்குப் பிறகும் ஒரு எடிட்டிங் மென்பொருளில் தெற்காசிய எழுத்துகளுக்கான செட்டிங்கைத் தேடிப் பிடித்து மாற்றினால்தான் கொம்பு தன் இடத்துக்கு வருகிறது. அதையும் அவளேதான் தேடிப் பிடித்திருக்கிறாள்.

“இதையெல்லாம் ஏம்மா உள்ளே சொல்லலை?”

“சொன்னா மார்க் குறைப்பாங்க சார். தப்பு பண்ணினோம்னு நாமளே சொல்ற மாதிரி ஆயிடும்ல?”

என் கையில் மதிப்பெண் தாளின் நகல் இருந்தது. கான்செப்ட், ஒளிப்பதிவு, எடிட்டிங், ஒலி, ரிப்போர்ட் என்று கட்டங்கள். இவள் காட்டியதைப் போட அதில் கட்டமே இல்லை. ட்ரோனுக்குக் கட்டம் இருந்தது. ட்ரோன், வாடகைக்கு வந்தது. அதை ஓட்டியவரும் வாடகைக்கு வந்தவர். ஒளிப்பதிவில் நான்தான் தாராளமாக மார்க் போட்டிருந்தேன்.

மூன்று பேருக்கும் ஒரே மார்க். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாகிவிட்டது.

*

இந்தச் சங்கதியை லண்டனில் இருக்கும் ஒரு நண்பரிடம் போனில் புலம்பினேன். அவர் மகள் அங்கே பள்ளியில் மீடியா ஸ்டடீஸ் படித்தவள். அவர் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தேடிப் பார்த்தேன்.

இங்கிலாந்தில் ஓ.சி.ஆர். என்று ஒரு தேர்வு வாரியம். 2008-ல் அவர்கள் ஏ.எஸ். வகுப்புக்கு, அதாவது நம் ப்ளஸ் ஒன்றுக்கு, மீடியா ஸ்டடீஸ் பாடத்தில் ஒரு புராஜெக்ட் வைத்தார்கள். ஒன்று, வராத ஒரு சினிமாவுக்கு டைட்டிலும் ஆரம்பக் காட்சியும் எடுக்க வேண்டும். இரண்டு நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது. இல்லையா, ஒரு இசைப் பத்திரிகைக்கு அட்டை, உள்ளடக்கப் பக்கம், நடுவில் இரண்டு பக்கக் கட்டுரை வடிவமைக்கலாம்.

அதற்கும் முன்னால் ஒரு வெள்ளோட்டம். சினிமா எடுப்பவர்களுக்கு என்ன தெரியுமா? ஒரு ஆள் கதவைத் திறந்து, அறையைக் கடந்து, இன்னொருவர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு வரி பேச வேண்டும். அவ்வளவுதான். கதவுக்கு வெளியே பிடித்த கைப்பிடி உள்ளேயிருந்து பார்க்கும்போதும் அதே கையில் இருக்கிறதா, பேசும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கிற மாதிரி தெரிகிறதா என்று பார்ப்பார்கள். எடுத்துப் பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

மொத்தம் 100 மதிப்பெண். திட்டமிடலுக்கும் ஆராய்ச்சிக்கும் 20. படைப்புக்கு 60. மீதி 20? படைப்பை முடித்த பிறகு ஏழு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதில் ஆறாவது கேள்வியைப் படித்ததும் எனக்கு டீக்கடை ஞாபகம் வந்தது. இதைச் செய்கிற வேலையில் தொழில்நுட்பங்களைப் பற்றி நீ என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்கிறார்கள். ஏழாவது கேள்வி இன்னும் மோசம்: அந்தக் கதவுக் காட்சியிலிருந்து இங்கே வந்து சேர்வதற்குள் என்ன கற்றாய்?

அதாவது, முதலில் எடுத்த மட்டமான காட்சியை ஒளித்து வைக்க வழியில்லை. அதையும் சேர்த்துத்தான் கணக்கு.

வெள்ளைக்காரன் செய்தால் எல்லாம் சரி என்று எழுத வரவில்லை. அந்த ஆறாவது கேள்விக்கு அந்தப் பிள்ளைகள் எழுதிய பதில்கள் இணையத்தில் இன்னமும் கிடக்கின்றன. கொஞ்சம் புரட்டினேன். பல பதில்கள் மளிகைக் கடை லிஸ்ட். இந்த கேமரா பயன்படுத்தினேன், இந்த சாஃப்ட்வேரில் வெட்டினேன், இதில் எழுத்து போட்டேன். கருவியின் பெயரைச் சொல்வது கற்றதைச் சொல்வது ஆகாது. அரிசி, பருப்பு, புளி என்று எழுதிக் கொடுத்தால் சாம்பார் வைக்கத் தெரியும் என்று அர்த்தமா?

இன்னொரு வேடிக்கை. 2017-ல் அங்கே பாடத்திட்டத்தையே மாற்றினார்கள். இப்போது முடித்த பிறகு கேள்வி கிடையாது. அதற்குப் பதில், என்ன செய்ய நினைக்கிறேன் என்று சுமார் 500 சொற்களில் முன்கூட்டியே ஒரு நோக்க அறிக்கை எழுதித் தர வேண்டும். எனக்கு இதில் வருத்தம்தான். நினைத்ததைச் சொல்வது பட்ஜெட். நடந்ததைச் சொல்வதுதான் கணக்கு. பட்ஜெட்டில் யாரும் தப்பு செய்வதில்லை.

*

நம் பக்கம் திரும்புவோம். கருவிகளுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் அண்ணா எஃப்.எம். ஆரம்பித்தபோது, ஒரு கல்லூரி சொந்தமாக வானொலி நடத்துவதை நாடே திரும்பிப் பார்த்தது. 2011 செப்டம்பர் 15 அன்று இலவச லேப்டாப் திட்டம் ஆரம்பித்து, வருஷா வருஷம் லட்சக்கணக்கில் பிள்ளைகள் கைக்குப் போனது. கிராமத்து வீட்டில் முதல் கம்ப்யூட்டர் அதுதான். அதைக் கேலி செய்தவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கருவி இல்லாமல் கற்க முடியாது. இன்று அந்த வேலையையும் செல்போன் பார்த்துக்கொள்கிறது.

கொடுத்தோம். கொடுத்த பிறகு கேட்டோமா, இதை வைத்து என்ன செய்தாய், எங்கே மாட்டிக்கொண்டாய், எப்படி வெளியே வந்தாய் என்று?

ஒரு நல்ல விதிவிலக்கைச் சொல்லிவிடுகிறேன். 2022-ல் அரசுப் பள்ளிகளில் மாதா மாதம் சிறார் படங்களைத் திரையிட ஆரம்பித்தார்கள். படத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்கு அனுப்பாமல், பார்த்ததைப் பற்றிப் பேசு, எழுது என்று பிள்ளைகளைக் கேட்டார்கள். பார்ப்பதற்கே இப்படிக் கேட்க முடிகிறது என்றால், எடுப்பதற்குக் கேட்க முடியாதா?

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஃபிலிம் இருந்த காலத்தில் தப்பு விலை உயர்ந்தது. 400 அடிச் சுருள் போட்டால் நாலரை நிமிஷம்கூட ஓடாது. அடையாறு திரைப்படக் கல்லூரி மாணவர்கள் ஒவ்வொரு அடியையும் எண்ணித்தான் எடுத்தார்கள். அப்படிப் பழகி வந்த ஆபாவாணனும் அரவிந்தராஜும் நண்பர்களும் சேர்ந்துதான் 1986-ல் சினிமாஸ்கோப்பில் ‘ஊமை விழிகள்’ எடுத்து கோடம்பாக்கத்தை நிமிர வைத்தார்கள். ஃபிலிமில் ஒரு தப்பு நடந்தால் அது டப்பாவுக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கும். லேபிலிருந்து வந்ததும் எல்லாருமாக இருட்டில் உட்கார்ந்து பார்த்தாக வேண்டும். வெட்கமாக இருந்தாலும் தப்பிக்க முடியாது.

டிஜிட்டலில் தப்பு இலவசம். அதனாலேயே அதற்கு மரியாதையும் போய்விட்டது. போனில் இடம் தீர்ந்ததும் நாம் முதலில் அழிப்பது எதை? கெட்டுப்போன க்ளிப்பை. பட்டை ஓடியதை, இருண்டு போனதை, சத்தம் தவறியதை. மிச்சம் இருப்பது நன்றாக வந்தது மட்டும். அதைப் பார்த்தால், எடுத்தவர் பிறக்கும்போதே ஒளிப்பதிவாளராகப் பிறந்த மாதிரி இருக்கும். அடுத்த வருஷம் வருகிற ஜூனியர் அதே கிணற்றில் இறங்கி, அதே பட்டையைப் பார்த்து, அதே அழுகையை அழ வேண்டும். ஒரு வருஷத்தின் பாடம் அடுத்த வருஷத்துக்குப் போவதில்லை. வணிகவியல் பாஷையில் சொன்னால், க்ளோசிங் பேலன்ஸ் எடுத்து எழுதாத புத்தகம்.

*

ரிப்போர்ட் எழுதுகிறார்களே, அதில் வராதா என்று கேட்பீர்கள். ஸ்பைரல் பைண்டிங் போட்ட ரிப்போர்ட் எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். ‘நவீனத் தொழில்நுட்பங்களின் பயன்பாடு குறித்த ஆழ்ந்த புரிதலை இத்திட்டம் எங்களுக்கு வழங்கியது’ என்று முடிந்தது. ஆழ்ந்த புரிதல் வந்த ஆள் இப்படி எழுத மாட்டான். யார் எழுதியது என்று நான் கேட்கவில்லை. 2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்த பிறகு அப்படிக் கேட்பது நாகரிகமும் இல்லை.

ஆனால் ஒன்று. தன் போனில் பதினோரு நிமிஷ இடைவெளியில் இருக்கிற இரண்டு க்ளிப்பை எடுத்துக் காட்டி, இதற்கும் அதற்கும் நடுவில் என்ன நடந்தது என்று எதிரே உட்கார்ந்து சொல்வதை இன்னொருவர் செய்து தர முடியாது. “அம்பதுல வைம்மா” என்று சொன்ன ஆளை எந்த மென்பொருளும் அறியாது. அவர் பெயர் டைட்டிலில் நன்றி என்றுகூட வரவில்லை. தமிழ்நாட்டில் கேமரா சொல்லித் தருகிற பெரிய பல்கலைக்கழகம் கல்யாண மண்டபம்தான் என்பதை நாம் எப்போது ஒப்புக்கொள்ளப் போகிறோமோ!

இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் உத்திரமேரூர் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு. குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். யார் தேர்தலில் நிற்கலாம் என்பதைவிட யார் நிற்கக் கூடாது என்ற பட்டியல்தான் எனக்குப் பிடிக்கும். வாரியத்தில் இருந்து வேலை பார்த்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் நிற்கக் கூடாது. அவர் உறவுக்காரர்களும் கூடாது. ஏரியை எவ்வளவு அழகாக வெட்டினாய் என்பது வேறு. கணக்கு எங்கே என்பது வேறு. 1,100 வருஷத்துக்கு முன்னால் ஓர் ஊர் சபைக்குத் தெரிந்திருக்கிறது.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. 100 மார்க்கில் 20 மார்க். ஒவ்வொரு மாணவரும், டீமாக அல்ல, தனித்தனியாக, கெட்டுப்போன மூன்று க்ளிப் கொண்டு வரட்டும். என்ன ஆச்சு, ஏன் ஆச்சு, யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று வாயால் சொல்லட்டும். தமிழிலேயே சொல்லட்டும். துறையில் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி அதையெல்லாம் போட்டு வைக்கட்டும். அடுத்த வருஷத்துப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய லைப்ரரி வேண்டாம். ட்ரோன் வாடகையைவிடச் செலவு குறைவு.

இதையே ஒரு கடிதமாக எழுதி அந்தத் துறைக்கு அனுப்பினேன். கூடவே, நான் போட்ட மார்க்கில் ஒரு தப்பு இருக்கிறது, அதைத் திருத்த வழி உண்டா என்றும் கேட்டேன். மரியாதையாகப் பதில் வந்தது. மதிப்பெண் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது, இனி மாற்ற முடியாது, ஆலோசனைக்கு நன்றி.

அந்தப் பெண்ணிடம் போனில் சொன்னேன், மன்னிச்சுக்கோம்மா என்று. “பரவால்ல சார்” என்றாள். அப்புறம் சொன்னாள், ஊரில் ப்ளஸ் டூ படிக்கிற நாலு பேர் அடுத்த சித்ரா பௌர்ணமிக்கு ரீல்ஸ் எடுக்கப் போகிறார்களாம். தன் கெட்டுப்போன க்ளிப்புகளை அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாளாம், கீழே ஒரு வரி எழுதி: அம்பதுல வைங்க.